மருந்தும் கதையும்

ஐதராபாத் நகரின் வடமேற்கே பாலாநகர் என்றொரு பகுதி உண்டு. கோட்டையும் மசூதியும் காணப் போகும் யாத்திரிகர்கள் அந்தப் பக்கம் செல்வதில்லை. தெருவுக்குத் தெரு அங்கே சிறு பட்டறைகள். ஒன்றில் இரும்பைக் கடைகிறார்கள், அடுத்ததில் துளையிடுகிறார்கள், மூன்றாவதில் சாணை பிடிக்கிறார்கள். விமானங்களுக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளைச் செய்யும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் பிரிவு 1960-களில் அங்கே அமைந்தது. கருவி வடிவமைப்பைக் கற்பிக்கும் மத்திய நிலையம் 1968-ல் வந்தது.

இவற்றோடு மருந்தின் கதையும் பாலாநகருக்கு உண்டு. 1961-ல் மத்திய அரசு நிறுவிய இந்தியன் டிரக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனம் சோவியத் நாட்டின் உதவியோடு மூன்று ஆலைகளை எழுப்பியது. ரிஷிகேசத்தில் கிருமிக்கொல்லி மருந்துகள், சென்னையில் அறுவைக் கருவிகள், ஐதராபாத்தின் பாலாநகரில் செயற்கை மருந்துகள் என்று வேலை பகிர்ந்துகொள்ளப்பட்டது. சல்பா மருந்துகளும் வைட்டமின்களும் பாலாநகரில் மூட்டை மூட்டையாக உருவாயின. அதற்கு முன் பெரும்பாலும் கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு, நம் நாட்டு ரசாயனிகளின் கையில் உருவாயிற்று. அங்கே தொழில் பயின்றவர்களில் சிலர் பின்னர் தாமே மருந்து நிறுவனங்களைத் தொடங்கினார்கள். ஐதராபாத் இன்று மருந்துத் தொழிலில் பெயர் பெற்றிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஆலையின் உற்பத்தி நின்று நெடுங்காலமாயிற்று. ஆனாலும் அந்த வட்டாரத்தில் 'ஐ.டி.பி.எல்.' என்பது இன்றும் ஓர் இடத்தின் பெயராகவே வழங்குகிறது.

மருந்தைச் செய்வதற்கு ஓர் ஆலை போதும். செய்த மருந்தை ஒருவர் உரிய காலம் முடியும் வரை உண்ணும்படி செய்வதற்கு எது வேண்டும்? இதுவே நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

காசநோயை உதாரணமாகக் கொள்வோம். இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் சென்னைக்குப் பெருமையான ஓர் இடமுண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், ஒரு பகுதி நோயாளிகளை மருத்துவமனையில் படுக்கவைத்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நல்ல காற்றும் நல்ல உணவும் முழு ஓய்வும் இல்லாமல் இந்நோய் தீராது என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. வீட்டில் இருந்த நோயாளிகளோ நெருக்கடியான வீடுகளில் வசித்த ஏழைகள். ஆயினும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959-ல் வெளியான முடிவு கூறியது. இதனால் மலைவாச சுகாதார விடுதிகளின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வரத் தொடங்கியது.

ஆனால் அதே ஆராய்ச்சியில் ஒரு சங்கடமும் புலப்பட்டது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்தை எல்லோரும் உண்ணவில்லை. நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மீதமிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். "சாப்பிட்டேன் ஐயா" என்று வாய் சொல்லும். சோதனைக் குழாய் வேறு சொல்லும். நோயாளிகள் பொய்யர்கள் என்று இதற்குப் பொருளல்ல. காய்ச்சல் நின்று, இருமல் குறைந்து, பசி எடுத்து, வேலைக்குப் போகத் தொடங்கிய மனிதனுக்கு, தான் இன்னும் நோயாளி என்பது நினைவில் நிற்பதில்லை. அவ்வளவுதான்.

இன்று காசநோய்க்குச் சாதாரணமாக ஆறு மாதச் சிகிச்சை. அரசு சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். முதல் சில வாரங்களிலேயே உடம்பு தேறிவிடுகிறது. இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகக்கூடும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறக்கூடும். அப்போது சிகிச்சை மேலும் கடினமாகிறது. அந்தக் கிருமி வீட்டிலுள்ளோருக்கும் பட்டறையில் பக்கத்தில் நிற்பவருக்கும் பரவினால், அவர்களுக்கும் அதே கஷ்டம்தான்.

இதை விளக்கித் துண்டுப் பிரசுரம் அச்சிடலாம்; சுவரில் எழுதலாம்; மருத்துவர் நேரிலும் சொல்லலாம். இவை யாவும் நடந்திருக்கின்றன, நடந்துகொண்டும் இருக்கின்றன. இருந்தும் மூன்றாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்?

1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் பரவியது. அதைப் பற்றிய செய்தி வானொலி வழியே பரவியதால் குடியானவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டார்கள். வானொலிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. அங்கே கதையோ பாட்டோ வேண்டியிருக்கவில்லை. செய்தி மட்டுமே போதுமானதாயிருந்தது. காரணம் எளிது. விதைத்தவன் சில மாதங்களில் அறுத்தான். களத்தில் நெல் குவிந்தது. வரப்புக்கு அப்பால் நின்ற அண்டை வயல்காரன் அதைக் கண்ணால் கண்டான். மறு பருவத்தில் அவனும் விதைத்தான்.

உடல் நலத்துக்கான பழக்கங்களின் பலன் அப்படிக் குவிந்து கிடப்பதில்லை. ஆறு மாதம் மருந்து உண்டவனுக்குக் கிடைப்பது என்ன? நோய் திரும்ப வரவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட தாய்க்கு? குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. நீரைக் காய்ச்சிக் குடித்தவருக்கு? பேதி வரவில்லை. 'வரவில்லை', 'நேரவில்லை' என்ற பலனை யார் கண்ணால் காண முடியும்? அண்டை வீட்டான் எதைப் பார்த்துப் பின்பற்றுவான்? நடவாமல் போன ஒன்றை மனிதக் கண்ணுக்குக் காட்டவல்ல சாதனம் ஒன்றே ஒன்றுதான், அது கதை. இரண்டு அண்ணன் தம்பிகளில் ஒருவன் மருந்தை முடித்தான், மற்றவன் விட்டுவிட்டான் என்று கதை தொடங்கினால், ஒரே மாலையில் இரண்டு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்துக் காட்டிவிடலாம். உண்மை வாழ்வில் எவரும் ஒரு வாழ்க்கையைத்தான் வாழ்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கிடைப்பதில்லை.

தெலுங்கு நாட்டில் இதற்கு ஏற்ற கலை ஒன்று முன்பே இருக்கிறது. அது புர்ரகதை. மேடையில் மூவர் நிற்பார்கள். நடுவில் நிற்பவர் கதை சொல்பவர். தோளில் தம்புராவைச் சாய்த்திருப்பார். விரல்களில் உள்ளீடற்ற உலோக வளையங்களை மாட்டித் தட்டித் தாளம் எழுப்புவார். முன்னும் பின்னும் அடியெடுத்து வைத்தபடியே பாடி, பேசி, நடித்துக் கதையை நடத்துவார். இரு புறமும் நிற்பவர்கள் சிறு முழவு கொட்டிப் பின்பாட்டுப் பாடுவார்கள். அவர்களில் ஒருவர் ஹாஸ்யக்காரர். மற்றவர் ராஜகீயக்காரர், அதாவது கதையை நிறுத்தி நாட்டு நடப்பைப் பேசுபவர். புராணக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே அரிசி விலையைப் பற்றி இவர் கேட்டுவிடுவார். 1940-களில் இக்கலையைப் பிரஜா நாட்ய மண்டலியார் சமூகப் பிரச்சினைகளைச் சொல்லும் கருவியாக்கினார்கள். அவர்களில் தலைசிறந்து விளங்கிய ஷேக் நாசருக்கு 1986-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பின், மத்திய அரசின் பாட்டு, நாடகப் பிரிவு 1954-ல் தோன்றி, இத்தகைய நாட்டுக் கலைகளைத் திட்டப் பிரசாரத்துக்கும் சுகாதாரப் பிரசாரத்துக்கும் ஊர் ஊராக அனுப்பியது.

நமது வில்லுப்பாட்டை அறிந்தவர்களுக்கு இதில் பாதி பழகியதாகவே இருக்கும். அங்கும் வில்லடிப்பவர் ஒருவர். 'ஆமாம்' போடுபவர் ஒருவர். ஆனால் புர்ரகதையின் ஹாஸ்யக்காரர் 'ஆமாம்' போடுவதோடு நிற்பதில்லை. குறுக்குக் கேள்வி கேட்கிறார். அங்கேதான் அதன் பலம் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் மனத்துக்குள் முணுமுணுப்பதை மேடையிலேயே ஒருவர் உரக்கச் சொல்லிவிடுகிறார். "இருமல்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கடா மாத்திரை? மருந்துக் கடைக்காரன் பிழைக்கவா?" என்று ஹாஸ்யக்காரர் கேட்கும்போது கூட்டம் சிரிக்கிறது. சிரித்தவர்களில் சிலர் சென்ற வாரம் அதையே வீட்டில் சொன்னவர்கள். தம்மை யாரும் சுட்டிக் காட்டவில்லை. ஆயினும் தம் கேள்வி சபைக்கு வந்துவிட்டது. பதிலைக் கேட்க அவர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

சிரிப்பின் இந்த வேலையைத் தமிழ்நாட்டில் நன்கு அறிந்திருந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1949-ல் வெளிவந்த அவருடைய 'நல்லதம்பி' மதுவிலக்கை வலியுறுத்திய படம். அதில் அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபம் கல்வியின் பெருமையைச் சொல்வது. ஆனால் மதுவிலக்குப் பிரசங்கத்தைக் கேட்பதற்காகவோ கல்விப் பிரசங்கத்தைக் கேட்பதற்காகவோ யாரும் கொட்டகைக்குக் காசு கொடுத்துச் செல்லவில்லை. சிரிக்கத்தான் சென்றார்கள். சிரித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் மற்றது நினைவுக்கு வந்தது.

கடல் கடந்த நாடுகளிலும் இதே உண்மையை வேறு வழியில் கண்டார்கள். 1969-ல் பெரு நாட்டுத் தொலைக்காட்சியில் 'சிம்ப்ளமெந்தே மரியா' என்ற தொடர் நாடகம் வந்தது. நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்து வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், எழுதப் படிக்கக் கற்று, தையல் இயந்திரத்தால் முன்னுக்கு வருகிறாள். அதைப் பார்த்த பெண்கள் தையல் இயந்திரம் வாங்கப் புறப்பட்டார்கள். சிங்கர் இயந்திரங்களின் விற்பனை உயர்ந்தது. எவரும் எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. இதைக் கவனித்தவர் மெக்சிகோவின் மிகுவேல் சபிதோ. தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டே செய்து பார்க்கலாம் என்று அவர் எண்ணி, 1975-ல் முதியோர் கல்விக்காகவும், 1977-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவும் தொடர்களைத் தயாரித்தார். அவருடைய கதைகளில் நல்லவர் உண்டு, கெட்டவர் உண்டு, இருவருக்கும் நடுவே தத்தளிக்கும் சாதாரண மனிதர் ஒருவர் உண்டு. பார்ப்பவர்கள் நல்லவரைப் போற்றுவார்கள், ஆனால் அவரைத் தம்மைப் போன்றவராகக் கருதமாட்டார்கள். தத்தளிப்பவரையே தம் உறவினராகக் கொள்வார்கள். அவர் இடறும்போது பதறுவார்கள். எழும்போது 'நம்மாலும் ஆகும்' என்று நினைப்பார்கள். மேடையில் மூவர் என்ற இந்த ஏற்பாட்டைத் தெலுங்கு நாட்டுக் கிராமத்தார் தம்புராவும் முழவுமாக வைத்திருந்ததை எண்ணும்போது நமக்கு ஒரு சிறு புன்னகை வரத்தான் செய்கிறது.

முதியோர் கல்வித் தொடரில் ஒரு நாள், கதாபாத்திரங்கள் பாடப் புத்தகம் கொடுக்கும் உண்மையான அலுவலகத்துக்கே செல்வதாகக் காட்டினார்கள். மறுநாள் ஆயிரக்கணக்கான மக்கள் அந்த அலுவலகத்தின் முன் கூடிவிட்டார்கள். தெருவில் வண்டிகள் நகர முடியவில்லை, புத்தகங்கள் தீர்ந்துபோயின. இதைக் கதையின் வெற்றி என்று சொல்லிக் கைதட்டலாம். ஆனால் வெறுங்கையோடு திரும்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்திருப்பார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

கதை தவறான வாசலையும் திறந்துவிடலாம். நம் நாட்டில் 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடர், மெக்சிகோவின் முறையைக் கற்றே தயாரிக்கப்பட்டது. 156 பகுதிகள் வந்தன. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் முதுபெரும் நடிகர் அசோக் குமார் தோன்றிச் சில வார்த்தைகள் பேசுவார். தொடக்கத்துப் பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசம் மிகுந்திருந்தது, பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள், ஆசிரியர் மனோகர் சியாம் ஜோஷி கதையின் போக்கை மாற்ற நேர்ந்தது. அதன்பின் நாடே அதில் மூழ்கியது. நேயர் கடிதங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. அக்கதையில் பகவந்தி என்ற தாய் வருவாள். குடிகாரக் கணவனையும் மாமியாரின் சுடுசொல்லையும் வாய் திறவாமல் தாங்குபவள். 'இப்படி வாழலாகாது' என்று பெண்கள் உணர வேண்டும் என்பதே அவளைப் படைத்ததன் நோக்கம். ஆனால் பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, பெண்மைக்கு இவளே இலக்கணம் என்று அவளை முன்மாதிரியாகக் கொண்டவர்கள் பலர் என்று தெரியவந்தது! பொறுமைக்கு நாம் காலம் காலமாகக் கொடுத்துவந்த மதிப்பு, கதாசிரியரின் நோக்கத்தைவிட வலிமையாயிருந்தது. கதையை எழுதுபவர்கள் இதை மறக்கலாகாது. கேட்பவரின் உள்ளம் வெற்றுப் பலகை அன்று.

அப்படியானால் கதையால் உண்மையிலேயே பழக்கம் மாறுகிறதா, அல்லது மாற எண்ணியவர்களே கதையையும் கேட்கிறார்களா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். டான்சானியா நாட்டில் இதற்கு விடை காண ஒரு நல்ல வழியைக் கையாண்டார்கள். 1993-ல் 'காலத்தோடு செல்வோம்' என்று பொருள்படும் ஒரு தொடர் நாடகத்தை அந்நாட்டு வானொலி ஸ்வாஹிலி மொழியில் ஒலிபரப்பியது. ஊர் ஊராகத் திரியும் லாரி ஓட்டுநர் ஒருவன் எய்ட்ஸ் நோய்க்கு ஆளாவது அதில் ஒரு கிளைக்கதை. நாடெங்கும் ஒலித்த அந்நாடகத்தை டொடோமா பகுதியில் மட்டும் இரண்டாண்டுகள் ஒலிபரப்பவில்லை. அங்கே வேறு நிகழ்ச்சி நடந்தது. பிறகு இரு பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். நாடகம் ஒலித்த இடங்களில் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளை ஏற்றவர்கள் கூடுதலாயிருந்தார்கள். மருத்துவ நிலையத்துக்கு வந்தவர்களில் பலர், தம்மை அங்கே வரச் செய்தது வானொலி நாடகமே என்றார்கள். பின்னர் டொடோமாவிலும் நாடகம் ஒலித்தபோது அங்கும் மாறுதல் தெரிந்தது.

நமது ஆகாசவாணியின் இந்தி நிலையங்கள் 1996-97-ல் 'திங்கா திங்கா சுக்' என்ற 104 பகுதிகள் கொண்ட நாடகத்தை ஒலிபரப்பின. வரதட்சிணைக் கொடுமையால் உயிர் விடும் ஓர் இளம் பெண்ணின் கதையும் அதில் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் லுத்சான் என்ற கிராமத்தார் 184 பேர், இனி வரதட்சிணை கொடுப்பதில்லை, வாங்குவதில்லை என்று ஒரு பெரிய தாளில் ஒப்பமிட்டு வானொலிக்கு அனுப்பினார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அவ்வூரார் தனித்தனியே கேட்டுவிட்டுத் தூங்கப் போகவில்லை. கூடிக் கேட்டார்கள், கூடி விவாதித்தார்கள். 1956-ல் புனாவைச் சுற்றிய சுமார் 150 கிராமங்களில் ஆகாசவாணியும் யுனெஸ்கோவும் நடத்திய கிராம வானொலி மன்றங்களிலும் இதுவே அனுபவம். பெட்டி பேசி முடித்தபின் மனிதர்கள் பேசத் தொடங்கினால்தான் காரியம் நடக்கிறது. ஒப்பமிட்ட 184 பேரும் சொன்னபடியே நடந்தார்களா என்று கேட்டால், ஒரு நாடகம் ஓராண்டில் ஒரு கிராமத்தின் வழக்கத்தை வேரோடு பிடுங்கிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதுவரை வீட்டுக்குள் ரகசியமாயிருந்த விஷயம் ஊர் நடுவே பேசத் தகுந்த விஷயமாயிற்று.

இனி மீண்டும் பாலாநகருக்கு வருவோம். அங்கே ஒரு மாலை, பட்டறைகள் ஓய்ந்தபின், காசநோயைப் பற்றி ஒரு புர்ரகதை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். நாயகன் மருத்துவராக இருத்தல் கூடாது. அவர் கடைசியில் ஒரு நிமிடம் வந்தால் போதும். கடைசல் இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளி ஒருவனே நாயகன். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீள்கிறது; இரும்புத் தூசியால் வந்த இருமல் என்று தள்ளிப்போடுகிறான். நோய் என்று தெரிந்தபின் மேஸ்திரியிடம் சொல்ல அஞ்சுகிறான், வேலை போய்விடுமோ என்று. ஊரில் தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நோய் வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று தாய் அழுகிறாள். இங்கே ஹாஸ்யக்காரர் குறுக்கே வந்து, "தும்மினால் ஊருக்கே சொல்கிறாய், இதை மட்டும் ஏன் மறைக்கிறாய்?" என்று கேட்கலாம். ராஜகீயக்காரருக்கும் வேலை இருக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் எட்டுப் பேரைக் குடிவைத்து வாடகை வாங்குபவரைப் பற்றி அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். நோயை நோயாளியின் குற்றமாக மட்டும் காட்டும் கதை பாதிக் கதையே.

எந்த மொழியில் என்பதும் ஒரு கேள்வி. பட்டறைத் தெருக்களில் தெலுங்கோடு உருதுவும் இந்தியும் கேட்கும். வெளி மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களின் மொழிகளும் கேட்கும். கதை தெலுங்கில் ஓடினாலும், ஹாஸ்யக்காரர் தக்கணத்து உருதுவில் ஒரு வெட்டு வெட்டினால் பாதிக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இத்தகைய கலப்பைப் பண்டிதர்கள் விரும்பமாட்டார்கள். கூட்டம் விரும்பும்.

ஒரே நாள் கூத்தாக இது முடிந்துவிடவும் கூடாது. சிகிச்சை ஆறு மாதம். நோயாளியின் மனம் தளர்வது இரண்டாம், மூன்றாம் மாதங்களில். ஆகவே மாதம் ஒரு முறை அதே மூவர் அதே இடத்தில் கதையைத் தொடர்ந்தால், நாயகனின் ஆறு மாதமும் கேட்பவரின் ஆறு மாதமும் சேர்ந்தே நகரும். மூன்றாம் மாதக் கதையில் அவன் மாத்திரையை நிறுத்தட்டும். நான்காம் மாதத்தில் இருமல் திரும்பட்டும். எவரும் இறக்க வேண்டியதில்லை; பயமுறுத்தினால் மக்கள் எழுந்து போய்விடுவார்கள், அல்லது நோயாளியை விட்டு விலகி உட்காருவார்கள்.

கதை எந்த வாசலைக் காட்டுகிறதோ அது திறந்திருக்க வேண்டும் என்பதையும் மெக்சிகோவின் தெரு நமக்குச் சொல்கிறது. ஐதராபாத்தில் 2018 முதல் 'பஸ்தி தவாகானா' என்ற பெயரில் குடியிருப்புகளுக்கு அருகிலேயே இலவச மருத்துவ நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அவை பகலில் இயங்குபவை; பட்டறைத் தொழிலாளிக்குப் பகல் என்பது கூலி. அரை நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டுமென்றால், எவ்வளவு உருக்கமான கதையும் அவனை இரண்டாம் முறை அழைத்துவராது. எனவே கதை நடக்கும் மாலையில், மேடைக்குப் பத்தடி தூரத்தில் ஒரு மேசை போட்டு, சளி மாதிரி வாங்கிக்கொள்ள டப்பாக்களோடு ஒரு சுகாதார ஊழியரும் உட்கார்ந்திருக்க வேண்டும். முழவு ஓய்ந்ததும் கூட்டம் கலையும். அப்போது அந்த மேசையின் பக்கம் திரும்புகிறவர்கள் முதல் மாதத்தில் இரண்டு மூன்று பேராகவே இருக்கலாம். அதுவும் விளக்கு வெளிச்சம் குறைந்த பக்கமாக, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.